கம்பில் இரும்புச்சத்து இருக்கிறது... அது உடம்பில் சேர்கிறதா? சிறுதானியம் விளைவிக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

சிறுதானியத்துக்கு இது நல்ல காலம். இந்தியா முன்மொழிந்து, ஐ.நா. சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2024-25-இல் குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். 2025-26-இல் அது 4,886 ரூபாய். சாதாரண நெல்லின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இது. மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி.

இதே காலத்தில் வேறு இரண்டு விதமான பேச்சும் நம் கைப்பேசிக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம், 'சிறுதானியம் சாப்பிட்டால் எல்லா நோயும் ஓடிவிடும்' என்கிறார்கள். இன்னொரு பக்கம், 'தானியம், பருப்பு, கீரை எல்லாவற்றிலும் சத்தைத் தடுக்கும் நச்சு இருக்கிறது, தொடாதீர்கள்' என்று பயமுறுத்துகிறார்கள். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதி நம் பாட்டிமார்களின் அடுப்படியில் இருந்தது. அவசரத்தில் அதை நாம் விட்டுவிட்டோம். அதைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

விளைகிற ஊரிலேயே ரத்தசோகை

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது இரண்டு பெண்களில் ஒருவருக்கு ரத்தம் போதவில்லை. களை எடுக்கும்போது சீக்கிரம் களைப்பது, படி ஏறினால் மூச்சு வாங்குவது, பிள்ளைகள் படிப்பில் கவனம் இல்லாமல் சோர்ந்து கிடப்பது எல்லாவற்றையும் 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பல வீடுகளில் காரணம் இரும்புச்சத்துக் குறைவு.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் கம்பில் இரும்புச்சத்து 6.4 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியில் 0.65 மில்லிகிராம்தான். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம். அரிசியில் 7.5 மில்லிகிராம். கணக்கைப் பார்த்தால் கம்பும் கேழ்வரகும் எங்கேயோ இருக்கின்றன.

ஆனால் அட்டவணையில் இருப்பது தானியத்தில் உள்ள அளவு. உங்கள் ரத்தத்தில் சேரும் அளவு வேறு. நம்முடைய தானியம் சார்ந்த சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்புச்சத்து நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு என்று வைத்துத்தான் நம் நாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஒரு நாளில் 200 கிராம் கம்பு சாப்பிட்டால் அதில் சுமார் 13 மில்லிகிராம் இரும்பு இருக்கும். ரத்தத்துக்குப் போவது சுமார் 0.6 முதல் 1 மில்லிகிராம். ஆணுக்கு தினம் 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து சாப்பாட்டில் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இவ்வளவு அதிகமாகச் சொல்வதற்குக் காரணமே, உடம்பில் சேர்வது குறைவு என்பதுதான்.

மீதி எங்கே போகிறது? குடலில் ஒட்டாமல் வெளியே போய்விடுகிறது. அப்படி ஒட்டவிடாமல் செய்கிற பொருள்களைத்தான் 'சத்துத் தடுப்பிகள்' என்கிறார்கள்.

விதை தனக்காக வைத்திருக்கும் பூட்டு

இந்தத் தடுப்பிகளை யாரும் கலப்படம் செய்யவில்லை. செடி தன் பிள்ளைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

நீங்கள் போடுகிற டி.ஏ.பி.யிலும் சூப்பர் பாஸ்பேட்டிலும் இருந்து பயிர் எடுக்கும் மணிச்சத்தில் பெரும்பகுதி கடைசியில் விதைக்குள் போய்ச் சேர்கிறது. விதையில் உள்ள மணிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 'ஃபைட்டிக் அமிலம்' என்ற வடிவத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. விதை முளைக்கும்போது இளங்குருத்துக்கு இதுதான் முதல் உரம். இந்த அமிலம் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் இரும்பு, துத்தநாகம், சுண்ணாம்பு ஆகியவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாம் தானியத்தைச் சாப்பிடும்போது பூட்டோடுதான் சாப்பிடுகிறோம்.

இந்தப் பூட்டுக்குச் சாவி 'ஃபைட்டேஸ்' என்னும் நொதி. மாட்டின் அசையூண் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் இந்த நொதியைச் சுரக்கின்றன. அதனால் மாடும் ஆடும் தானியத்தில் உள்ள மணிச்சத்தை நன்றாக எடுத்துக்கொள்கின்றன. கோழிக்கு அந்த வசதி மிகக் குறைவு. அதனால்தான் கோழித்தீவன ஆலைகளில் ஃபைட்டேஸ் நொதியை வாங்கித் தீவனத்தில் கலக்கிறார்கள். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் தீவன மூட்டையில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். இந்த விஷயத்தில் மனித வயிறும் கோழி வயிறு மாதிரிதான். நமக்கும் இந்த நொதி போதுமான அளவு சுரப்பதில்லை.

ஆனால் அந்தச் சாவி விதைக்குள்ளேயே இருக்கிறது. விதை ஈரம் பட்டு முளைக்கத் தொடங்கியதும் அதுவே ஃபைட்டேஸைச் சுரந்து பூட்டைத் திறந்துகொள்கிறது. மாவு புளிக்கும்போதும் இதே வேலை நடக்கிறது. புளிப்பில் இந்த நொதி சுறுசுறுப்பாக இருக்கும். புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களும் கைகொடுக்கும்.

ஈரான் கிராமத்தில் கிடைத்த பாடம்

இது வெறும் புத்தகக் கணக்கு இல்லை. பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கிராமங்களிலிருந்து வந்த சில இளைஞர்களைப் பார்த்தார். வயது 20-ஐ ஒட்டி இருந்தது. உடம்பு பத்து வயதுப் பையன் போல இருந்தது. வளர்ச்சியே இல்லை, பருவமும் எய்தவில்லை, கூடவே கடும் ரத்தசோகை. அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்ல. புளிக்க வைக்காத முழுக்கோதுமை ரொட்டியை வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள். ரொட்டியைத் தவிர வேறு எதுவும் அதிகம் இல்லை. இறைச்சி கிடையாது. மண் தின்னும் பழக்கமும் இருந்தது.

பிறகு எகிப்தில் நடந்த ஆய்வுகளில், இப்படி வளர்ச்சி நின்றுபோகத் துத்தநாகக் குறைவு முக்கியக் காரணம் என்று தெரிந்தது. ரொட்டியில் துத்தநாகம் இருந்தது. ஃபைட்டிக் அமிலம் அதை விடவில்லை. அதே மாவைப் புளிக்க வைத்து ரொட்டி சுட்டால் அந்த அமிலம் குறைந்துவிடுகிறது என்பதும் பின்னால் உறுதியானது. மனிதனுக்குத் துத்தநாகம் எவ்வளவு தேவை என்பதை உலகம் புரிந்துகொண்டதே இந்த ஆய்வுகளால்தான்.

தானியத்தில் சத்து இருந்தால் மட்டும் போதாது. அதை எப்படிப் பக்குவப்படுத்துகிறோம், கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது. நமக்கான பாடம் இதுதான்.

கூழ் ஏன் இரண்டு நாள் வேலை?

இப்போது நம் ஊர்க் கேழ்வரகுக் கூழை நினைத்துப் பாருங்கள். முன்பு எப்படிச் செய்தார்கள்? கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க விட்டார்கள். மறுநாள் நொய்யரிசியை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கிளறிக் களியாக இறக்கினார்கள். அதையும் ஒரு ராத்திரி அப்படியே வைத்து, அடுத்த நாள் தண்ணீரோ மோரோ விட்டுக் கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு குடித்தார்கள். இரண்டு முறை புளிக்கிறது. இரண்டு முறையும் பூட்டு திறக்கிறது.

இன்று என்ன நடக்கிறது? கடையில் வாங்கிய ராகி மாவைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, பத்து நிமிடத்தில் கிளறி, சர்க்கரையும் பாலும் சேர்த்துக் குடிக்கிறோம். அல்லது ராகி பிஸ்கெட், ராகி சேமியா, உடனடி ராகி தோசை மாவு வாங்குகிறோம். தானியம் அதேதான். பக்குவம் போய்விட்டது. ஃபைட்டிக் அமிலம் சாதாரணக் கொதியில் அதிகம் சிதைவதில்லை. கொதி பட்டதும் அதைத் திறக்க வேண்டிய நொதிதான் செத்துப்போகிறது. அதனால் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே ஊறவும் புளிக்கவும் நேரம் கொடுக்க வேண்டும்.

'பழைய மனிதர்கள் கூழ் குடித்துத் திடமாக இருந்தார்கள், நாங்களும் ராகிதானே சாப்பிடுகிறோம்' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது. அவர்கள் சாப்பிட்டது புளித்த ராகி.

நெருப்புக்கு அடங்குவது எது, தண்ணீருக்கு அடங்குவது எது?

சத்துத் தடுப்பிகள் பல வகை. எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஃபைட்டிக் அமிலம்: கம்பு, கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம், கோதுமை, பருப்பு, நிலக்கடலை, எள் என எல்லா விதைகளிலும் உண்டு. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய மூன்றும்தான் இதைக் குறைக்கும். கம்பு, சோளம், மக்காச்சோளத்தில் இயல்பாகவே ஃபைட்டேஸ் குறைவு. அதனால் இவற்றை வெறுமனே ஊறவைப்பது மட்டும் போதாது. முளைகட்டவோ புளிக்கவைக்கவோ வேண்டும்.

டானின்: துவர்ப்புச் சுவைக்குக் காரணமான பொருள். பழுப்புக் கேழ்வரகின் மேல்தோலிலும், சில அடர்பழுப்புச் சோள ரகங்களிலும் உண்டு. பறவைகள் கொத்தாமல் கதிரைக் காப்பதற்கு இது உதவுகிறது. ஆனால் வயிற்றுக்குள் இரும்பையும் புரதத்தையும் பிடித்து வைக்கிறது. வெள்ளைக் கேழ்வரகில் இது மிகவும் குறைவு. முளைகட்டினால் குறையும்.

டிரிப்சின் தடுப்பி, லெக்டின்: சோயா, மொச்சை, பீன்ஸ் வகைகள், கொள்ளு போன்றவற்றில் உண்டு. இவை புரதச் செரிமானத்தைத் தடுக்கும். சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காடாகச் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வருவது லெக்டினால்தான். இவை நெருப்புக்கு அடங்கும். ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, குழையக் கொதிக்க வைத்தால் கவலை இல்லை. பச்சை சோயாவைக் கோழிக்கும் போடக் கூடாது.

வாயு உண்டாக்கும் மாவுப்பொருள்கள்: பருப்பு, பயறு சாப்பிட்டால் வயிறு உப்புவதற்குக் காரணம் இவை. நம் குடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நுரைக்கின்றன. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் ஒரு பங்கு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும்.

ஆக்சலேட்: பாலக்கீரை, தண்டுக்கீரை, எள் ஆகியவற்றில் அதிகம். சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உடம்பில் சேர்கிறது. பாலக்கீரையில் உள்ளதில் நூற்றுக்கு 5 பங்குதான் சேர்கிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தக் கீரைகளை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, அளவோடு சாப்பிடுவது நல்லது. எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீயும் எலுமிச்சையும்

நம் ஊரில் பெரிய சத்துத் தடுப்பி தானியத்தில் இல்லை. டீ கிளாஸில் இருக்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், அந்தச் சாப்பாட்டிலிருந்து உடம்புக்குப் போக வேண்டிய இரும்புச்சத்தில் பாதிக்கும் மேல் தடைபடுகிறது. பால் ஊற்றினாலும் இந்தக் குணம் போவதில்லை. காபியும் ஓரளவு இப்படித்தான்.

வயல் வேலைக்குப் போகிற பெண்களின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் டீ. பத்து மணிக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாடு, அதோடு தூக்குவாளியில் வந்த டீ. சாயங்காலம் பொரியோ வடையோ, அதோடு இன்னொரு டீ. குறைவாகச் சேர்கிற இரும்பையும் டீ பிடித்துக்கொள்கிறது. டீயை நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அது போதும். செலவே இல்லாத வைத்தியம் இது.

இதற்கு எதிர்வேலை செய்வது வைட்டமின் சி. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி, பச்சை மிளகாய், மாங்காய்க் கீற்று இவற்றில் ஏதாவது ஒன்று அதே சாப்பாட்டோடு இருந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். கம்பங்களிக்குக் கீரைக் கடைசலைத் தொட்டுக்கொள்ளும்போது, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அதில் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். வாரம் ஒரு நாள் மீனோ கறியோ சேர்ந்தால், அதுவும் தானியத்தின் இரும்பை உடம்பில் சேர்க்க உதவும்.

ரேஷனில் இரும்புச்சத்து செறிவூட்டிய அரிசி கொடுக்கப்படும் என்று 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ செறிவூட்டிய அரிசிமணி என்ற கணக்கில் கலந்து கொடுத்தார்கள். அரிசியில் அரசு இரும்பைச் சேர்க்கலாம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதன் பலனும் குறையும். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதிதான். டீயோடும் பாலோடும் போட வேண்டாம். கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கூழ் குடிக்கிறோம் என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

முளைகட்டிய கேழ்வரகு மாவு: செய்முறை

கேழ்வரகைக் கல், மண் இல்லாமல் அரித்துக் கழுவி, 12 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் கழுவி, சுத்தமான பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். 24 முதல் 36 மணி நேரத்தில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். நிழலில் பரப்பிக் காயவைத்து, பிறகு இளவெயிலில் முறுகக் காய்ந்ததும் அரைத்து வையுங்கள்.

இங்கே இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, பூஞ்சணம். முளைக்கட்டில் கெட்ட வாடையோ கறுப்பு, பச்சைப் புள்ளியோ தெரிந்தால் முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போட வேண்டாம். சரியாகக் காயாத மாவையும் மூட்டை கட்டி வைக்கக் கூடாது. இரண்டாவது, வறுப்பது. வாசனைக்காகக் கருக வறுத்தால் நொதி செத்துவிடும். உடனே கஞ்சி காய்ச்ச லேசான வறுப்பு பரவாயில்லை. ஒரு பங்கை வறுக்காமல் தனியாக வைத்துக்கொண்டால் அது இன்னொரு வேலைக்கு ஆகும். சாதாரண கம்பு மாவையோ சோள மாவையோ புளிக்க வைக்கும்போது, பத்துக்கு ஒரு பங்கு இந்த முளைகட்டிய மாவைச் சேர்த்துக் கரையுங்கள். அதிலுள்ள நொதி மற்ற மாவிலுள்ள பூட்டையும் திறக்க உதவும்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முளைகட்டிய மாவுக் கஞ்சியில் இன்னொரு நன்மையும் உண்டு. முளையில் உண்டாகும் நொதி மாவைக் கெட்டிப்படாமல் நெகிழ்த்துகிறது. அதனால் ஒரு கிண்ணத்தில் கூடுதல் மாவு போட்டாலும் குழந்தை விழுங்கும் பதத்தில் இருக்கும். சின்ன வயிறுக்கு ஒரே கிண்ணத்தில் கூடுதல் சத்து போகிறது.

வயலில் செய்ய வேண்டியது

பக்குவம் அடுப்படியில் மட்டும் தொடங்குவதில்லை. மணிச்சத்து உரத்தை அளவுக்கு மேல் கொட்டினால், விதையில் ஃபைட்டிக் அமிலம் கூடும். பயிர் துத்தநாகம் எடுப்பதும் குறையும். தமிழகத்தின் பெரும்பகுதி நிலங்களில் ஏற்கெனவே துத்தநாகம் பற்றாக்குறைதான். ஆகவே 'பக்கத்து வயலில் ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டார்' என்று பார்த்துப் போடாமல், மண் பரிசோதனை அட்டையைப் பார்த்துப் போடுங்கள். காசும் மிச்சம்.

நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவலாம். இதை டி.ஏ.பி.யோடும் சூப்பரோடும் கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். பயிரில் பற்றாக்குறை தெரிந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து இலைவழியாகத் தெளிக்கலாம். நெல்லிலும் கோதுமையிலும் பால் பிடிக்கும் பருவத்தில் துத்தநாகம் தெளித்தபோது தானியத்தில் அதன் அளவு கூடியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ரகத் தேர்விலும் கவனம் வையுங்கள். புதிதாக வெளியிடும் கம்பு ரகங்களில் கிலோவுக்குக் குறைந்தது 42 மில்லிகிராம் இரும்பும், 32 மில்லிகிராம் துத்தநாகமும் இருக்க வேண்டும் என்று 2018-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் விதி வகுத்தது. 'தனசக்தி' என்ற கம்பு ரகத்தில் கிலோவுக்கு 71 மில்லிகிராம் இரும்பு உண்டு. அது வீரிய ஒட்டு இல்லை. அதனால் நல்ல கதிரைத் தேர்ந்து விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். மகாராஷ்டிராவில் 12 முதல் 16 வயது மாணவர்களுக்கு ஆறு மாதம் இரும்புச்சத்து மிகுந்த கம்பில் ரொட்டி செய்து கொடுத்துப் பார்த்தார்கள். இரும்புக் குறைவு இருந்த பிள்ளைகள் சாதாரணக் கம்பு சாப்பிட்டவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். பூட்டு இருந்தும் பலன் கிடைத்திருக்கிறது. ஆகவே பயந்து கம்பை ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை.

தடுப்பி என்றாலே கெட்டதா?

இல்லை. டானினும் நார்ச்சத்தும் மாவு சர்க்கரையாக மாறும் வேகத்தைக் குறைக்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு அது நல்லது. பால், முட்டை, மீன், காய், பழம் எல்லாம் கலந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தடுப்பிகள் பெரிய தொல்லை தருவதில்லை. தினமும் ஒரே தானியம், அதற்கு நீர்த்த குழம்பு, அதோடு டீ என்று சாப்பிடுகிற வீட்டில்தான் இவை ஆளை வாட்டும். அதனால் கைப்பேசியில் வருகிற பயமுறுத்தலைக் கேட்டுப் பருப்பையும் கீரையையும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் இருக்கிற சத்தும் போய்விடும்.

தடுப்பி போக வேண்டும் என்று தவிட்டை முழுவதும் நீக்கித் தீட்டுவதும் தீர்வு ஆகாது. சாமை, தினை, வரகு, குதிரைவாலியைப் பளபளவென்று வெள்ளையாகத் தீட்டினால், தவிட்டோடு ஃபைட்டிக் அமிலமும் போகும், இரும்பும் நாரும் போகும். அப்புறம் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. உமியை மட்டும் நீக்கி, தவிடு ஓரளவு இருக்கும்படி ஆலையில் கேட்டு வாங்குங்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் இன்று சிறுதானிய மாவு, சத்துமாவு விற்கத் தொடங்கியிருக்கின்றன. சாதாரண ராகி மாவை எல்லாரும் விற்கிறார்கள். முறையாக முளைகட்டிய மாவு, புளிக்க வைத்துச் செய்த கூழ் மாவு என்று போனால் உங்கள் பொருளுக்கு ஒரு தனித்தன்மை இருக்கும். வேலையும் நாளும் கூடும் என்பதால் விலையையும் அதற்குத் தக்கபடி வைக்க வேண்டும். வாங்குகிறவர்களுக்குக் காரணத்தைச் சொல்லி விற்றால் விலை கொடுப்பார்கள்.

ஆனால் உறையில் 'ரத்தசோகையைக் குணப்படுத்தும்', 'சர்க்கரை நோய் தீரும்' என்று அச்சடித்துவிடாதீர்கள். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் இடம் கொடுப்பதில்லை. 'முளைகட்டிய கேழ்வரகு மாவு' என்று உண்மையை எழுதினாலே போதும்.

இந்த வாரமே தொடங்குங்கள்

ஐந்தே காரியம்தான். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி. பருப்பு, பயறை ராத்திரியே ஊறப்போட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது. கேழ்வரகு, கம்பு மாவைப் புளிக்க வைத்தோ முளைகட்டியோ பயன்படுத்துவது. தட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ ஒன்று இருப்பது. விளைந்த தானியத்தில் வீட்டுக்கு ஒரு மூட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியை விற்பது.

ஐந்தோடு இன்னொன்றும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் மாத்திரையும் சாப்பாடும் இரண்டும் சேர்ந்துதான் சரி செய்யும். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கதிர் தேறியதா என்று வயலில் பார்க்கிறீர்கள் அல்லவா, அதுபோல இதையும் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.